வந்திறங்கிய அன்றே ஊசியா? தம்பலகாமம் வாசகருக்கு ஒரு கால்நடை வைத்தியரின் பதில்

தம்பலகாமம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, அதன் சுருக்கத்தை முதலில் தருகிறேன்.

வெளிநாட்டில் சில வருடங்கள் உழைத்து ஊர் திரும்பிய அவர், இறைச்சிக்கு வளர்த்து விற்கும் எண்ணத்தில் 24 நாம்பன் கன்றுகளை வாங்கினார். ஆறு மாதம் தொடக்கம் பத்து மாதம் வரை வயதான அந்தக் கன்றுகள், மட்டக்களப்பு படுவான்கரையில் நான்கைந்து பட்டிகளிலிருந்து ஒரு தரகர் மூலம் சேர்க்கப்பட்டன. தரகரின் வளவில் ஓர் இரவும் ஒரு பகலும் நின்றபின், ஐப்பசி முடிவில் மழை பெய்துகொண்டிருந்த ஓர் இரவு, லொறியில் வாகரை, வெருகல் வழியாக வந்து சேர்ந்தன. இறக்கிய கையோடு, ஊரில் ஊசி போடும் ஒருவரை அழைத்துத் தொண்டை அடைப்பான் தடுப்பூசியும், காலிலும் வாயிலும் புண் வரும் கால்வாய் நோய்க்கான தடுப்பூசியும் போடுவித்தார். நோய் வராமல் இருக்கட்டும் என்று எல்லாக் கன்றுகளுக்கும் அன்ரிபயோட்டிக் ஊசியொன்றும் போடப்பட்டது. அன்று பின்னேரமே குறியும் சுட்டார்கள். ஐந்தாம் நாள் சில கன்றுகள் இருமத் தொடங்கின. எட்டாம் நாள் ஒன்றும் பதினோராம் நாள் இன்னொன்றும் இறந்தன. இரண்டாவது கன்றை வெட்டிப் பார்த்தபோது, நுரையீரலின் முன்பக்கம் ஈரலைப்போல் கறுத்து இறுகியிருந்ததாகவும், மஞ்சள் நிறத்தில் ஆடை போன்ற ஒன்று விலா எலும்போடு ஒட்டிக் கிடந்ததாகவும் எழுதியிருக்கிறார். இப்போதும் இரண்டு கன்றுகளுக்கு இருமல் நிற்கவில்லை.

மச்சான் "ஊசிதான் கொன்றது, இனி ஒரு மாட்டுக்கும் ஊசி போடாதே" என்கிறாராம். வெளிநாட்டிலிருந்து வரவிருக்கும் நண்பர் ஒருவர், அங்கே விற்கும் ஐந்து நோய்க்கான ஒரே ஊசியைக் கையில் கொண்டுவந்து தருவதாகச் சொல்கிறாராம். மார்கழியில் இன்னும் இருபது கன்றுகளை இறக்க முற்பணம் பேசியாயிற்று. ஊசி காரணமா, அடுத்த தொகுதிக்கு எப்போது எதைப் போடுவது, எல்லாவற்றுக்கும் அன்ரிபயோட்டிக் போடுவது சரியா, நண்பரின் மருந்தை வாங்கலாமா, இறந்த கன்றுகளின் காசைத் தரகரிடம் கேட்க முடியுமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரருக்கு,

நாட்கணக்கோடும், வெட்டிப் பார்த்த நுரையீரலின் விவரத்தோடும் நீங்கள் எழுதியிருப்பது எனக்குப் பெரிய உதவி. பெரும்பாலானோர் "மாடு திடீரென்று செத்துப்போனது" என்ற ஒற்றை வரியோடு வருவார்கள். கன்றை நேரில் பார்க்காமலும் ஆய்வுகூட முடிவு இல்லாமலும் உறுதியான நோய்ப்பெயர் சொல்ல முடியாது என்பதை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ளவற்றை வாசியுங்கள்.

ஊசியா கொன்றது?

அப்படி நான் நினைக்கவில்லை. தடுப்பூசிக்கு உடல் கடுமையாக எதிர்வினை காட்டி ஒரு மாடு இறப்பதென்றால், அது பெரும்பாலும் ஊசி போட்ட சில நிமிடங்களில், மிஞ்சினால் சில மணித்தியாலங்களில் தெரிந்துவிடும்: உடல் நடுங்கும், முகம் வீங்கும், மூச்சு முட்டும், விழுந்துவிடும். ஊசி போட்ட மறுநாள் இலேசான காய்ச்சலும், போட்ட இடத்தில் வீக்கமும், தீனியில் சற்று மந்தமும் இருப்பது வழமை. உங்கள் கன்றுகளோ ஐந்தாம் நாள் இருமத் தொடங்கி, எட்டாம் நாளும் பதினோராம் நாளும் இறந்திருக்கின்றன. அந்தக் கால ஓட்டமும், நுரையீரலின் முன்-கீழ்ப் பகுதி இறுகியிருந்ததும், மஞ்சள் ஆடை விலாவில் ஒட்டியிருந்ததும் ஒன்றையே காட்டுகின்றன. அது பக்டீரியா நுரையீரலைப் பிடித்த நியூமோனியா. பயணத்தின்பின் கன்றுகளில் வருகின்ற இந்தச் சுவாச நோயை ஆங்கிலம் பேசும் நாடுகளில் போக்குவரத்துக் காய்ச்சல் என்ற பொருளில் அழைப்பார்கள். வட அமெரிக்காவின் பெரிய கொழுக்கவைக்கும் பண்ணைகளில் மிக அதிக நட்டத்தை உண்டாக்கும் நோய் இதுதான். அங்கேயும் இந்த நோய் பிடிக்கும் கன்றுகளில் பெரும்பாலானவை வந்திறங்கிய முதல் மூன்று நான்கு வாரங்களிலேயே படுத்துவிடுகின்றன.

இந்த நோய் உண்டாகும் விதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் எல்லாக் கேள்விகளுக்கும் விடை அதற்குள் இருக்கிறது. மான்ஹைமியா, பாஸ்சரெல்லா போன்ற பக்டீரியாக்கள் சுகமான கன்றின் மூக்கிலும் தொண்டையிலும்கூடச் சாதாரணமாகவே குடியிருப்பவை. தாயைப் பிரிந்த ஏக்கம், பசி, தாகம், லொறியின் நெரிசல், மழையில் நனைந்த குளிர் ஆகியவை ஒன்றாகச் சேரும்போது கன்றின் உடலில் அழுத்தத்திற்குரிய ஓமோன்கள் ஏறி, நோயெதிர்ப்புச் சக்தி இறங்கிவிடுகிறது. அதே வேளையில், ஐந்து பட்டிக் கன்றுகள் மூக்கோடு மூக்கு முட்டி நிற்பதால், ஒரு பட்டியில் இருந்த சுவாச வைரசு அதை முன்பு கண்டிராத மற்றப் பட்டிக் கன்றுகளுக்குத் தொற்றுகிறது. வைரசு மூச்சுக்குழாயின் உள்தோலைப் புண்ணாக்குகிறது. தொண்டையில் அடங்கிக் கிடந்த பக்டீரியா பெருகி நுரையீரலுக்குள் இறங்குகிறது. இதற்குச் சில நாட்கள் எடுக்கும். உங்கள் கன்றுகளின் ஐந்தாம் நாள் இருமல் அந்தக் கணக்கில் வந்ததுதான். லொறியில் ஏற்றுவதற்கு முன், தரகரின் வளவில் நின்ற அந்த ஓர் இரவிலேயே கதை தொடங்கிவிட்டது என்று நினைக்கிறேன்.

ஆனாலும் உங்கள் மச்சானின் பேச்சை முழுவதுமாகத் தள்ளிவிடவும் மாட்டேன். இரவு முழுக்க நின்றுகொண்டே வந்த கன்றை, தண்ணீர் குடித்து ஒரு வாய் வைக்கோல் தின்ன முன்பே பிடித்து விழுத்தி, மூன்று ஊசி குத்தி, அன்று பின்னேரமே பழுக்கக் காய்ச்சிய இரும்பால் குறியும் சுட்டால், ஏற்கெனவே தளர்ந்திருந்த உடல் மேலும் தளர்கிறது. ஊசிக்குள் இருந்த மருந்து கொல்லவில்லை. ஊசி போட்ட நேரமும் விதமும் அந்தக் கன்றுகளுக்கு உதவவுமில்லை. இனி ஊசியே வேண்டாம் என்று முடிவெடுத்தால், அடுத்த மாரியில் தொண்டை அடைப்பான் வந்து ஒரே இரவில் பட்டியில் பாதியைக் கொண்டுபோகக்கூடும்.

இடையில் ஓர் எச்சரிக்கை. இறந்த கன்றை வெட்டிப் பார்த்தது இம்முறை பயன்பட்டது. ஆனால் எப்போதும் அப்படிச் செய்யாதீர்கள். எந்த அறிகுறியும் இல்லாமல் திடீரென்று இறந்து, மூக்கு, வாய், மலவாசல் வழியே உறையாத கறுத்த இரத்தம் வடியும் உடலை எவரும் கத்தியால் தொடக்கூடாது. அது மனிதருக்கும் தொற்றக்கூடிய அந்திராக்ஸாக இருக்கலாம். அப்படியான உடலை அசைக்காமல் விட்டுக் கால்நடை வைத்திய அலுவலகத்திற்குச் சொல்லுங்கள்.

போட்ட ஊசி எந்த நோய்க்கு?

கடிதத்தில் ஒரு வரி என்னை நிறுத்தி வைத்தது: "பாஸ்சரெல்லா ஊசி போட்டும் பாஸ்சரெல்லா நோயே வந்துவிட்டதே." இந்தக் குழப்பம் பலருக்கு உண்டு, அதற்கு நியாயமும் உண்டு. தொண்டை அடைப்பானை உண்டாக்குவது பாஸ்சரெல்லா மல்ரோசிடா என்னும் பக்டீரியாதான்; ஆனால் ஆசியாவில் அந்த நோயைக் கொண்டுவருவது அதன் 'பி' வகை. பயணத்தின்பின் நியூமோனியாவில் காணப்படும் பாஸ்சரெல்லா பெரும்பாலும் 'ஏ' வகையைச் சேர்ந்தது. அதோடு வரும் மான்ஹைமியா வேறோர் இனம், மைக்கோபிளாஸ்மா இன்னொன்று. வைரசுகள் முற்றிலும் வேறு. நீங்கள் போட்ட தொண்டை அடைப்பான் ஊசி அந்தப் 'பி' வகைக்கு மட்டுமே எதிர்ப்பைத் தரும். எனவே அந்த ஊசி தோற்றுவிட்டது என்று சொல்ல இடமில்லை. அதற்குத் தரப்படாத வேலையை அதனிடம் எதிர்பார்த்திருக்கிறோம்.

இரண்டையும் வெளியிலிருந்து பிரித்தறிய ஒரு வழி உண்டு. தொண்டை அடைப்பானில் கடுங்காய்ச்சல், வாயில் நுரை, தாடைக்குக் கீழிருந்து நெஞ்சு வரை சூடான வீக்கம், கர்ர் என்ற மூச்சு. பிறகு ஒரு நாள் இரண்டு நாளுக்குள் மரணம். எருமைகளை அது இன்னும் வேகமாக அடிக்கும். நியூமோனியாவோ நாட்கணக்கில் இழுக்கும். சுகப்பட்டதுபோல் தெரிந்த மாடுகள் தொண்டையின் சுரப்பிகளில் அந்தப் 'பி' வகைக் கிருமியை ஒளித்து வைத்திருந்து, மழையும் குளிரும் வரும்போது வெளிவிடுகின்றன என்பது கன்னொறுவையிலுள்ள கால்நடை ஆராய்ச்சி நிறுவகத்தில் எம். சி. எல். டி அல்விஸ் உள்ளிட்டோர் ஆராய்ந்து எழுதிய விடயம். வெளி மாவட்டக் கன்றை உங்கள் பழைய பட்டியோடு சேர்க்கும்போது இதை நினைவில் வைத்திருங்கள். தம்பலகாமத்து வயற்காணிகளில் எருமை வைத்திருப்போரும் பக்கத்தில் இருக்கிறார்கள்.

ஆகவே தொண்டை அடைப்பான் ஊசியும் கால்வாய் நோய் ஊசியும் கட்டாயம் வேண்டும். கிழக்கில் மாடு வைத்திருப்பவர் அவற்றை விட்டுவிட முடியாது. அவை சுவாச நோய்க்கான காப்பு என்று மட்டும் எண்ணாதீர்கள்.

அடுத்த தொகுதிக்கு எப்போது போடுவது?

தடுப்பூசி போட்ட அன்றே காப்பு வந்துவிடும் என்பது நம்மிடையே ஆழமாக வேரூன்றிய நம்பிக்கை. செயலிழக்கச் செய்த கிருமியால் ஆன ஊசிகளுக்கு, உடல் எதிர்ப்பை உண்டாக்கிக்கொள்ள ஒன்று தொடக்கம் மூன்று வாரம் வரை வேண்டும்; முதன்முறை போடப்படும் கன்றுக்கு அவற்றில் பலவற்றுக்குச் சில வாரங்கள் கழித்து இரண்டாவது ஊசியும் தேவை. பயண நியூமோனியாவோ இரண்டாவது வாரத்திலேயே உச்சத்துக்கு வந்துவிடுகிறது. வந்திறங்கிய அன்று போடும் ஊசி, மிகச் சிறந்த மருந்தாக இருந்தாலும், அந்த ஓட்டத்தில் பிந்தித்தான் நிற்கும். அழுத்தத்தில் உள்ள உடல் ஊசிக்குச் சரியாகப் பதிலளிப்பதுமில்லை. சுவாச வைரசுகளுக்கான ஊசிகள் தாராளமாகப் புழங்கும் நாடுகளில், வந்த அன்று போடுவதையும் இரண்டு வாரமோ அதற்கு மேலோ தள்ளிப் போடுவதையும் ஒப்பிட்ட ஆய்வுகள் பல நடந்திருக்கின்றன. சிலவற்றில் தள்ளிப் போட்ட கன்றுகள் நன்றாக இருந்தன. சிலவற்றில் வித்தியாசம் தெரியவில்லை. வந்த அன்று போட்டே ஆகவேண்டும் என்று அடித்துச் சொல்ல அந்த ஆய்வுகள் இடம் தரவில்லை.

அப்படியானால் சரியான நேரம் எது? கன்று தன் தாய்ப் பட்டியில் நிற்கும்போதுதான், லொறியில் ஏறுவதற்கு மூன்று நான்கு வாரம் முன்பாக. இது எழுதுவதற்கு இலகு, செய்விப்பதற்குக் கடினம் என்று எனக்குத் தெரியும்; பட்டிக்காரருக்கு அதனால் செலவு, தரகருக்கு அலைச்சல். ஆனால் நீங்கள் இருபது கன்றுக்கு முற்பணம் கொடுக்கும் நிலையில் உள்ள ஆள். ஐந்து பட்டிக்குப் பதிலாக ஒன்றிரண்டு பட்டிகளைத் தெரிந்தெடுத்து, பட்டிக்காரரோடு நேரே பேசி, அந்தப் பகுதிக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் ஊசி போட்ட பதிவோடும், ஒரு மாதம் முன்பே தாயிடமிருந்து பிரித்து வைக்கோலும் தவிடும் தின்னப் பழக்கியும் தரும்படி கேட்டு, அதற்கென்று தலைக்குச் சிறிது கூடுதலாகக் கொடுங்கள். இரண்டு கன்றின் இழப்போடு ஒப்பிட்டால் அது சிறு தொகை.

அது முடியாமற் போனால், நான் செய்யும் முறை இது. கன்றுகள் வந்து இளைப்பாறி, தண்ணீர் குடித்து, எல்லாம் தீனியில் வாய் வைத்து, காய்ச்சல் இல்லை என்று கண்டபிறகு, இரண்டாவது அல்லது மூன்றாவது வாரத்தில் தடுப்பூசி. குறி சுடுதல், விதையடித்தல் எல்லாம் அதற்கும் பின்னால். இதற்கு ஒரு விலக்கு உண்டு. உங்கள் ஊரிலோ அயலிலோ கால்வாய் நோயோ தொண்டை அடைப்பானோ அந்நேரம் உலவிக்கொண்டிருந்தால், மூன்று வாரம் காத்திருப்பது அதைவிட ஆபத்து. அப்போது ஒன்றிரண்டு நாள் இளைப்பாற விட்டு உடனே போடலாம். எதிர்ப்பு சற்றுக் குறைவாக வரக்கூடும் என்பதை ஏற்றுக்கொண்டு, அடுத்த ஊசியைத் தவறாமல் போட வேண்டும். அயலில் நோய் உண்டா என்பதை ஊர்ப்பேச்சில் தீர்மானிக்க முடியாது, உங்கள் பிரிவுக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேளுங்கள். காய்ச்சலோடு நிற்கும் கன்றுக்கு எந்தச் சூழ்நிலையிலும் தடுப்பூசி வேண்டாம்.

ஊசி போட்டவர் மருந்துப் போத்தலைச் சட்டைப் பையிலிருந்து எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த ஊசிகள் வேலை செய்திருக்குமா என்பதே எனக்குச் சந்தேகம். இவை 2 பாகை செல்சியசுக்கும் 8 பாகைக்கும் இடையில் இருக்க வேண்டியவை. றெஜிபோம் பெட்டியில் ஐஸ் பொதியோடு வரவேண்டும், ஆனால் ஐஸில் நேரே முட்டி உறையவும் கூடாது, உறைந்தால் எண்ணெய் கலந்த மருந்து பிரிந்து கெட்டுவிடும். 24 கன்றுக்கும் ஒரே ஊசிமுனையைப் பயன்படுத்தியதும் சரியல்ல. இரத்தத்தில் பரவும் உண்ணிக் காய்ச்சல்களில் சில அந்த வழியாலும் போகும். இருக்கும் 22 கன்றுகளையும் காப்பில்லாதவை என்றே கருதி, இருமல் முழுவதும் ஓய்ந்தபின் அரச கால்நடை வைத்தியர் மூலம் மறுபடி போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் மூன்று வாரம்

தடுப்பூசிக்கு முன்னால் இருக்கும் இந்த மூன்று வாரத்தில் செய்யும் சாதாரண வேலைகள்தான் உயிரைக் காப்பாற்றுகின்றன. இறக்கியதும் முதலில் தண்ணீர், பிறகு நல்ல வைக்கோலும் வெட்டிய புல்லும். கொழுக்க வேண்டும் என்ற அவசரத்தில் முதல் வாரமே தவிடும் புண்ணாக்கும் அள்ளி வைத்தால், பழகாத வயிறு புளித்து, அதிலேயே சில கன்றுகள் படுத்துவிடும். புதியவற்றைப் பழைய மாடுகளோடு சேர்க்காமல், முடிந்தால் பட்டிவாரியாகச் சிறு சிறு கூட்டமாகப் பிரித்து, தனித் தண்ணீர்த் தொட்டியோடு மூன்று வாரம் வையுங்கள். தீனி போடும்போது முதலில் பழைய மாடுகள், கடைசியில் புதியவை.

கொட்டிலைப் பற்றி ஒரு வார்த்தை. மழை அடிக்கிறது என்று நான்கு பக்கமும் தறப்பாள் கட்டி மூடிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் மூத்திர நெடியும் ஈரமும் உள்ளேயே நின்று, கன்றின் மூச்சுக்குழாயை அரித்துவிடும். வாடைக்காற்று வரும் வடகிழக்குப் பக்கத்தை மட்டும் கன்றின் உயரத்துக்கு மேல் வரை மறையுங்கள். மற்றப் பக்கங்கள் திறந்திருக்கட்டும். நிலத்தில் காய்ந்த வைக்கோல் தடிப்பாக இருக்கட்டும். குளிரை நான் குறைத்து மதிப்பிடவில்லை. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிர்காற்றில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் ஓரிரு நாளில் இறந்தபோது, ஏதோ புதுத் தொற்று என்றுதான் எங்கும் பேச்சு. பரிசோதனைகளின் பின் குளிரே காரணம் என்று அறிவிக்கப்பட்டது. வெட்டவெளியில் நனைந்து, வயிற்றில் தீனியில்லாமல் நின்ற மெலிந்த மாடுகளுக்கு அந்தக் காற்றைத் தாங்கும் சக்தி இருக்கவில்லை.

அடுத்தது, பார்ப்பது. காலையில் தீனி போடும் நேரம் ஐந்து நிமிடம் சும்மா நின்று பாருங்கள். எல்லாம் தொட்டிக்கு முட்டிக்கொண்டு வரும்போது ஒன்று மட்டும் பின்னால் நிற்கும். காது தொங்கியிருக்கும், இடப்பக்க விலாவுக்குப் பின்னாலுள்ள குழி ஒட்டி உள்ளே போயிருக்கும், மூக்கை நக்கித் துடைக்காமல் சளி காய்ந்திருக்கும். இருமலுக்குக் காத்திருக்க வேண்டாம். அந்தக் கன்றைப் பிடித்து மலவாசலில் வெப்பமானியை வைத்து இரண்டு நிமிடம் பாருங்கள். 39.5 பாகை செல்சியஸ் வரை பயமில்லை. 40 பாகை, அதாவது 104 பாகை பரனைற்று அல்லது அதற்கு மேல் இருந்தால், அன்றைக்கே வைத்தியரை அழையுங்கள். வெயிலில் நின்ற கன்று மத்தியானம் சூடாகத்தான் காட்டும், அதனால் விடியற்காலை அளவே நம்பத்தக்கது. இருமும் கன்றெல்லாம் நியூமோனியா அல்ல, நுரையீரற் புழுவும் இருமலைத் தரும். காய்ச்சலெல்லாம் நெஞ்சுச் சளியும் அல்ல. கண்ணின் உள்தோல் வெளிறி, மூத்திரம் கோப்பி நிறத்தில் போனால் அது பெரும்பாலும் உண்ணிக் காய்ச்சல், அதற்கு மருந்தே வேறு.

எல்லாவற்றுக்கும் அன்ரிபயோட்டிக்

ஆபத்து மிகுந்த கன்றுக் கூட்டத்திற்கு, நோய் தெரிய முன்பே முழுக் கூட்டத்துக்கும் நீண்ட நேரம் வேலை செய்யும் அன்ரிபயோட்டிக் ஒன்றைப் போடும் வழக்கம் பெரிய பண்ணைகளில் உண்டு. அதனால் நோய் குறைவதும் உண்மை. ஆனால் அங்கே எந்த மருந்து, கன்றின் நிறைக்கு எவ்வளவு என்பதை வைத்தியர் தீர்மானிக்கிறார். உங்களுக்குப் போடப்பட்டது என்ன மருந்தென்றே தெரியவில்லை, எல்லாக் கன்றுக்கும் ஒரே அளவு. அரைகுறை அளவு கிருமியைக் கொல்லாமல் பழக்கிவிடும். வெப்பமானியோடு தினமும் பார்க்கத் தயாராக இருக்கும் உங்களைப் போன்ற ஒருவருக்கு, காய்ச்சல் கண்ட கன்றுக்கு மட்டும் அன்றே சரியான மருந்தை முழு நாட்களுக்கும் கொடுப்பது போதும். மருந்து போட்ட கன்றை இறைச்சிக்கு விற்பதற்கு முன், போத்தலில் அச்சிட்ட காத்திருப்புக் காலம் முடிந்திருக்க வேண்டும். நீண்ட நேரம் வேலை செய்யும் ஒக்சிரெட்ராசைக்கிளின் பலவற்றுக்கு அது ஏறத்தாழ நான்கு வாரம். அந்த ஊசி போட்டவரிடம் போத்தல் இருந்தால் வாங்கி வையுங்கள், இல்லாவிட்டால் மருந்தின் பெயரையாவது கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

நண்பரின் ஐந்து நோய் ஊசி

வேண்டாம். ஐ.பி.ஆர்., பி.வி.டி. முதலான சுவாச வைரசுகளுக்கான கலப்பு ஊசிகள் நல்லவைதான். அவற்றின் பெறுமதியை நான் மறுக்கவில்லை. ஆனால் நமது அரச அலுவலகங்கள் வழமையாகப் போடும் ஊசிகளில் அவை இல்லை. அவற்றில் பல, வலுக்குறைத்த உயிருள்ள வைரசால் ஆனவை. விமானத்தில் பைக்குள் வரும்போது குளிர் கெட்டால் அவை வெறும் தண்ணீர். குளிர் கெடாமல் வந்தாலோ, பதிவும் அனுமதியும் இல்லாமல் உயிருள்ள வைரசொன்றை நாட்டுக்குள் கொண்டுவந்து பட்டிக்குள் விடுகிறீர்கள். உங்களிடம் நான்கு சினைப் பசுக்கள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். முன்பு எதிர்ப்பு இல்லாத சினைப்பசுவுக்கு உயிருள்ள ஐ.பி.ஆர். ஊசி கருவைக் கலைக்கக்கூடும். சட்டத்தின் பக்கமும் 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டம் இருக்கிறது. இந்த வகை ஊசி உங்களுக்கு உண்மையில் தேவையா என்பதை அறிய முதற்படி, அடுத்த முறை கன்று சுகயீனப்படும்போது மருந்து போட முன்பே மூக்குச் சளி மாதிரியும், இறந்தால் நுரையீரல் மாதிரியும் எடுத்து ஆய்வுக்கு அனுப்பும்படி வைத்தியரைக் கேட்பது. எந்த வைரசு இங்கே உலவுகிறது என்று தெரியாமல் ஊசி வாங்குவதில் பயனில்லை. தேவை என்று தெரிந்தால், நாட்டில் பதிவு செய்யப்பட்டு விற்பனையில் உள்ளதா என்று அவர் பார்த்துச் சொல்வார்.

காசும் கடதாசியும்

இது என் துறை அல்ல. ஆனாலும் கேட்டிருப்பதால் எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். கன்று கைமாறும் நேரத்தில் நோயோடுதான் இருந்தது என்று நிறுவுவது உங்கள் விடயத்தில் கடினம். ஐந்தாம் நாள் வரை சுகமாக நின்றதாக உங்கள் கடிதமே சொல்கிறது. எழுத்தில் ஒப்பந்தமும் இல்லை. தரகரோடு பேசி ஒரு பங்கை விட்டுக்கொடுக்கச் சொல்லலாம், மறுத்தால் மத்தியஸ்த சபைக்குப் போகலாம், அதற்கு மேல் என்றால் சட்டத்தரணியிடம் கேளுங்கள். நீதிமன்றச் செலவு இரண்டு கன்றின் விலையைத் தாண்டிவிடும் என்பதே என் கணிப்பு.

எனக்குக் கவலை தருவது வேறு. உரிமைச் சீட்டையும் போக்குவரத்து அனுமதியையும் பற்றி நீங்கள் எதுவுமே எழுதவில்லை. 1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டத்தின் கீழ் மாடுகளை இடம் விட்டு இடம் கொண்டுசெல்ல அனுமதி வேண்டும். அதற்காகக் கால்நடை வைத்தியர் கன்றுகளைப் பார்த்துத் தரும் சுகாதாரச் சான்றிதழ், வீதியில் பொலிசாருக்குக் காட்டும் கடதாசி மட்டுமல்ல. ஏற்றும் நாளில் கன்று சுகமாக இருந்ததா என்பதற்கு உங்கள் கையில் இருக்கக்கூடிய ஒரே சாட்சி அது. அடுத்த தொகுதிக்கு அதை வாங்காமல் லொறியின் கதவைத் திறக்காதீர்கள். ஊசி போட்ட திகதி, தாயைப் பிரித்த திகதி, இரண்டு வாரத்துக்குள் இறந்தால் யார் எவ்வளவு பொறுப்பு என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள்.

மார்கழியில் இறக்கும் திட்டத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். திருகோணமலையில் கார்த்திகையும் மார்கழியும் மழை உச்சத்தில் நிற்கும் மாதங்கள். மாசி, பங்குனி வரை பொறுத்தால் மழை ஓய்ந்துவிடும்; பெரும்போக அறுவடை முடிந்து வைக்கோலும் கைக்கெட்டும்; தாய்ப் பட்டியில் ஊசி போட்டுக் காத்திருக்கவும் காலம் கிடைக்கும். பேசிய முற்பணத்தை அந்தத் திகதிக்கு மாற்றிக்கொள்ளத் தரகர் சம்மதிப்பார் என்றே நினைக்கிறேன். மாரியில் அவருக்கும் வேறு கொள்வனவாளர் குறைவு.

கடைசியாக, இன்னும் இருமிக்கொண்டிருக்கும் அந்த இரண்டு கன்றுகள். பகலில் பசுக்களோடு மேய விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விட வேண்டாம், தனியே, காற்றோட்டமான இடத்தில், தண்ணீர்த் தொட்டியைப் பிரித்து வையுங்கள். நாளை விடியற்காலை இரண்டுக்கும் வெப்பநிலை பார்த்து எழுதிக்கொண்டு, அந்தத் தாளோடு உங்கள் பிரிவுக் கால்நடை வைத்தியரிடம் போங்கள். காய்ச்சல் இல்லாமல் இருமல் மட்டும் இருந்தால், புழுவுக்கான பரிசோதனைக்குப் புதிய சாணமும் கொஞ்சம் பொலித்தீன் பையில் கொண்டுபோங்கள். நுரையீரலில் பெரும்பகுதி இறுகிவிட்ட கன்று உயிர் பிழைத்தாலும் மற்றவற்றைப்போல் நிறை வைக்காது. ஒரு மாதம் நிறுத்துப் பாருங்கள். நிறை ஏறாவிட்டால், மருந்தின் காத்திருப்புக் காலம் முடிந்தபின் அவற்றைத் தொடர்ந்து வைத்திருப்பதா விற்பதா என்று வைத்தியரோடு பேசி முடிவெடுக்கலாம்.